அத்தை சொன்ன பெயர்

பாட்டு முடியட்டும், முடிந்ததும் சொல்லிவிடுகிறேன். எழுந்து நிற்கக்கூட வேண்டாம், எழுந்தால் தையல் இழுக்கும், உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னால் போதும், "நிறுத்துங்கள், இது என் பிள்ளையின் பெயர் இல்லை" என்று. மராத்தியில் அதை எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன், சரியாகத்தான் வருகிறது. ஆனால் பாட்டு முடிய வேண்டுமே. இந்தப் புனேக்காரர்களின் தாலாட்டு கூட்ஸ் வண்டி மாதிரி, இதுதான் கடைசிப் பெட்டி என்று நினைத்தால் வளைவில் இன்னும் பெட்டிகள் தெரிகின்றன. தொட்டிலைச் சுற்றிப் பட்டுப் புடவைகள், சாமந்திச் சரம், ஊதுவத்திப் புகை, பிள்ளைக்கு இருமல் வருமே என்று யாருக்கும் தோன்றவில்லை. என் மாமியார் கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறார். இந்த வீட்டில் எல்லோரும் அவரை ஆயி என்கிறார்கள், நானும் ஆயி என்றுதான் கூப்பிடுகிறேன், அம்மா என்று அர்த்தம். அவருக்குப் பக்கத்தில் வைஜயந்தி, என் கணவன் மந்தாரின் அக்கா, மூக்கில் முத்து நத்து ஆட ஆட நிற்கிறாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் குனிந்து என் மகன் காதில் பெயரைச் சொல்லப்போகிறவள் அவள்தான். இங்கே பன்னிரண்டாம் நாள் பிள்ளையைத் தொட்டிலில் போட்டு அப்பாவின் உடன்பிறந்தவள் பெயர் சொல்ல வேண்டும். எங்கள் பக்கமும் அத்தைக்குத்தான் அந்த உரிமை. "பார்த்தாயா, இரண்டு ஊருக்கும் ஒரே வழக்கம்" என்று மந்தார் சொன்னபோது ஆமாம் ஆமாம் என்று பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினேன். அத்தை சொல்வாள் என்றால், நாங்கள் சொல்லிக் கொடுத்ததைச் சொல்வாள் என்றுதானே எவளும் நினைப்பாள்.

பசிதான் காட்டிக் கொடுத்தது. பசிக்கவில்லை என்றால் இந்நேரம் நானும் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், காதில் ஓதி முடித்த பிறகுதான் விழித்திருப்பேன். சற்று முன்பு பிள்ளைக்குப் பால் கொடுக்க உள்ளறைக்குப் போனேன். பால் கொடுக்கும்போது வருகிற பசி இருக்கிறதே, அது பசியே இல்லை, ஒரு பேய். ஊரிலிருந்து வந்திருக்கும் என் அம்மா போடுகிற பத்தியச் சோறு அதற்கு எந்த மூலைக்கு. அலமாரி மேல் பேடாப் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள், வந்தவர்களுக்குக் கையில் கொடுத்தனுப்ப. ஒரு பேடா குறைந்தால் குடி முழுகிவிடாது என்று, ஒரு கையால் பிள்ளையை மார்போடு பிடித்துக்கொண்டு மறு கையால் மேல் பெட்டியை இழுத்தேன். மூடியில் நீல ஸ்டிக்கர், தொட்டில் படம், கீழே எழுத்து. பஸ் பலகைகளைப் பார்த்துப் பார்த்து நானாகக் கற்ற எழுத்து, எனக்கு வேகமாக வராது, பேடாவை வாயில் போட்டுக்கொண்டு கூட்டிக் கூட்டிப் படித்தேன். சிரஞ்சீவி க்ஷிதிஜ். வேறு யார் வீட்டுப் பெட்டியோ மாறி வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன், சத்தியமாக. பாவம், அந்த வீட்டில் இப்போது மயூரன் என்று போட்ட பெட்டிகளை வைத்துக்கொண்டு முழிப்பார்களே என்றுகூட நினைத்தேன். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இன்னொரு வரி இருந்தது. பூஜா, மந்தார். மந்தார் என் கணவன். பூஜா என்பது நான்தான், அது எப்படி என்பது வேறு வயிற்றெரிச்சல். வாயில் போட்ட பேடாவைத் துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை, அது தானாகக் கரைந்து போகும்வரை பிள்ளையின் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பெட்டிகளை நேற்று சாயங்காலம் தூக்கிக்கொண்டு வந்தவனே மந்தார்தான். அலமாரி மேல் வைத்துவிட்டு, "கை வைக்காதே, நாளைக்குத்தான்" என்று என் மூக்கைத் திருகினான். ஆசையாகச் சொல்கிறான் என்று நினைத்தேன், இனிப்பு அதிகம் சாப்பிடக் கூடாது என்று அக்கறையாகச் சொல்கிறான் என்று நினைத்தேன். கடைக்காரன் ஸ்டிக்கர் அடிக்க எப்படியும் சில நாளாவது முன்னால் சொல்லியிருக்க வேண்டும். அப்படியானால் நான் குளித்துவிட்டுத் தலை துவட்டிய நாளில் அவனுக்குத் தெரியும், பிள்ளைக்கு மஞ்சள் காமாலை இருக்கிறதா என்று ஜன்னல் வெயிலில் இரண்டு பேரும் தூக்கிக் காட்டிய நாளில் தெரியும். சரி, அதெல்லாம்கூடப் போகட்டும். இன்று காலை? கண்ணாடி முன்னால் குர்தா பொத்தானைப் போட்டுக்கொண்டே திரும்பி, பிள்ளையின் உள்ளங்காலில் ஊதி, "மயூ, ஏ மயூ, இன்றைக்கு உனக்குத்தான் விழா" என்றானே. அப்படிச் சொல்ல எப்படி வாய் வந்தது. பெட்டி தலைக்கு மேலே இருக்கிறது, கீழே நின்று மயூ என்கிறான். நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பது என்று எங்கள் ஊரில் சொல்லும்போது அது ஏதோ சொத்துத் தகராறுக்கான பேச்சு என்று நினைத்திருக்கிறேன், இல்லை, அதற்கு ஒரு குர்தாவும் உள்ளங்காலும் போதும். இதோ சோபாவுக்குப் பின்னால் ஆண்களோடு நின்று செல்போனில் படம் எடுக்கிறான். நான் பார்ப்பதைப் பார்த்து சிரிக்கிறான், கொஞ்சம் நிமிர்ந்து உட்கார் என்று சாடை காட்டுகிறான். என் வேலையே தப்பு கண்டுபிடிப்பதுதான், கம்பெனியில் யாரோ எழுதிய சாஃப்ட்வேரை நோண்டி நோண்டி எங்கே உடையும் என்று சொல்வதற்குத்தான் சம்பளம் தருகிறார்கள். கட்டினவனை நான் ஒரு தடவைகூடச் சோதித்துப் பார்க்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

ஐந்தாம் மாதத்திலிருந்து தேடினோம் அந்தப் பெயரை. ஆயி நாக்கிலும் புரள வேண்டும், அம்மா நாக்கிலும் புரள வேண்டும், பள்ளிக்கூடத்தில் இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் கேலி செய்யக் கூடாது, இதுதான் எங்கள் சட்டம். அப்பாவிடம் கேட்டேன், யோசிக்காமல் ஆறுமுகம் என்றார். ஆறுமுகநேரிக்காரருக்கு வேறென்ன தோன்றும். எனக்கு மாறன் பிடித்தது. மந்தார் அதைக் கேட்டு, "ஆயி மயங்கி விழுந்துவிடுவாள், இங்கே அது சாவு மாதிரிக் காதில் விழும்" என்றான், படுக்கையில் கிடந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம், உள்ளே இருந்தவனும் ஒரு உதை விட்டான். ஒரு நாள் மந்தார்தான் சொன்னான், க்ஷிதிஜ் என்று. தொடுவானம் என்று அர்த்தம். அழகான பெயர்தான், இப்போதும் சொல்கிறேன், அழகான பெயர், அதுதான் இன்னும் எரிகிறது. "எங்கம்மா நாக்கு சுளுக்கிக்கொள்ளும்" என்றேன். "சரி, விடு" என்றான். விட்டது நான்தான், அவன் விடவில்லை. அப்புறம் மோர்காவ் போனோம், மயில் மேல் ஏறிய பிள்ளையார் கோயிலுக்கு, பிரசவம் நல்லபடியாக ஆக வேண்டும் என்று ஆயி அனுப்பி வைத்தார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "மயில் எங்கள் முருகனுடைய வண்டி. தம்பி வண்டியை அண்ணன் ஓட்டிக்கொண்டு இங்கே வந்துவிட்டாரா" என்றேன். "இங்கே கணபதிதான் தம்பி, கார்த்திகேயன் அண்ணன்" என்றான் மந்தார். எந்த வீட்டில் யார் மூத்தவர் என்று வரிசையில் நின்றபடியே சண்டை போட்டோம். திரும்பி வரும் வழியில் கரும்புச்சாறு குடிக்கும்போது அது தானாக வந்தது. மயூர். இங்கே மயூர், எங்கள் பக்கம் மயூரன். இரண்டு வீட்டுக்கும் ஒரே மயில். நான் அவன் காதில் சொன்னேன், "எல்லாரிடமும் உன் பிள்ளையாருக்கு என்று சொல்லு. நமக்குள்ளே மட்டும், இது என் திருச்செந்தூர்க்காரனுக்கு." அவன் கரும்புச்சாறு மீசையோடு தலையில் அடித்துச் சத்தியம் செய்தான், என் தலையில்.

அந்த ஒரு பேச்சைத்தான் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறான். வேறு எப்படி ஆயிக்குத் தெரியும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில், பிசின் லட்டுவை என் கையில் வைத்துவிட்டு ஆயி மெதுவாகக் கேட்டார், "உங்கள் ஊரில் கார்த்திக் சுவாமி கோயிலுக்குப் பெண்கள் போவார்களா?" ஊர்க் கதை கேட்கிறார் என்று எனக்கு ஒரே சந்தோஷம். போவோமே, நடந்தே போவோமே, மொட்டை போடுவோமே, கடலில் குளித்துவிட்டு ஈரத்தோடு நிற்போமே என்று வாய் ஓயாமல் சொன்னேன். ஆயி லட்டுத் தட்டை மூடிவிட்டு எழுந்து போனார். இங்கே அந்தச் சாமி கட்டை பிரம்மச்சாரி. பெண்கள் நேருக்கு நேர் பார்க்கவே மாட்டார்கள், பார்த்தால் ஏழு பிறவிக்கும் தாலி நிற்காது என்பார்கள். எங்கள் ஊரில் அவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு பொண்டாட்டி, அலங்காரம் என்ன, ஊஞ்சல் என்ன, கல்யாண உற்சவத்தில் மொய்கூட எழுதுவோம். ஒரே சாமி, ரயிலில் வரும்போது எந்த ஸ்டேஷனில் இறங்கி சந்நியாசம் வாங்கினாரோ. ஆக, தன் ஒரே பேரனுக்கு அந்தச் சாமியின் மயிலைப் பெயராக வைத்தால் அவன் ஒற்றை மரமாக நிற்பான் என்று ஆயி பயந்திருக்கிறார். பயந்ததைக் குறை சொல்லவில்லை. பயந்தால் என்னிடம் வந்து பயந்திருக்கலாமே, நான் என்ன கடிக்கவா போகிறேன், இரண்டு பேருமாக உட்கார்ந்து வேறு ஒன்று தேடியிருக்க மாட்டோமா. இல்லை, இதிலும் ஒன்று இடிக்கிறது. ஆயிக்குப் பயம் என்றால் ஆயிரம் பெயர் இருக்கிறது, அது எப்படிச் சரியாக க்ஷிதிஜ் வந்து நின்றது. அவன் ஆசைப்பட்ட பெயர், நான் வேண்டாம் என்ற பெயர். ஆயியின் பயத்தை அவன் வாய்க்கால் வெட்டித் தன் வயலுக்குப் பாய்ச்சிக்கொண்டானா. முதலில் பயம் வந்ததா, பெயர் வந்ததா. அவனே போய், "தெரியுமா ஆயி, அது உண்மையில் எந்தச் சாமிக்கு என்று" என்று ஆரம்பித்திருந்தால்? அப்படி இருக்காது. இருக்கலாம். இனி எதைத்தான் இருக்காது என்று சொல்வேன்.

பாட்டில் இப்போது என் பெயர் வருகிறது, பூஜா என்று, எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பாடுகிறார்கள். என் பெயர் பூங்கோதை. கல்யாணத்தன்று தட்டில் அரிசியைப் பரப்பி, மாப்பிள்ளை மோதிரத்தால் அதில் பெண்ணுக்குப் புதுப் பெயர் எழுத வேண்டும், அது இவர்கள் வழக்கம். மந்தார் முன்னாலேயே சொல்லியிருந்தான், சும்மா சடங்கு, ஒரு நாள் கூத்து என்று. நானும் அரிசிதானே, ராத்திரி பானைக்குப் போய்விடும் என்று இருந்துவிட்டேன். அரிசி பானைக்குப் போயிற்று, பெயர் போகவில்லை. பால்காரன் முதல் பக்கத்து வீட்டுக் குழந்தைவரை பூஜாதான். அன்றைக்கே வாயைத் திறந்திருந்தால் இன்றைக்கு இது வந்திருக்காது. இப்போதும் ஏன் திறக்கவில்லை என்றால் அம்மாவுக்காகத்தான். அதோ சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருக்கிறாள், முழுதாக உட்கார்ந்தால் நாற்காலி கோபித்துக்கொள்ளும் என்பது போல. அப்பாவால் மூட்டுவலியோடு இவ்வளவு தூரம் வர முடியாது என்று தனியாக வந்தாள், இரண்டு நாள் ரயில், கையில் பிள்ளை பெற்றவளுக்கான காயப்பொடி டப்பா, பேரனுக்கு அரைஞாண். இத்தனை நாளில் அவள் கற்ற மராத்தி ஒரே ஒரு சொல், 'ஹோ'. ஆமாம் என்று அர்த்தம். யார் என்ன கேட்டாலும் ஹோ. சாப்பிட்டீர்களா ஹோ, சாப்பிடவில்லையா ஹோ. மருமகன் பெயரே அவளுக்கு வராது, மந்தாரம் என்பாள். நான் இப்போது சத்தம் போட்டால் அத்தனை முகமும் அவள் பக்கம்தான் திரும்பும், என்ன வளர்த்திருக்கிறாள் என்று. ஒன்றும் புரியாமல் அந்த நாற்காலி நுனியில் ஹோ ஹோ என்று சிரித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் நிற்க, என்னால் அதைப் பார்க்க முடியாது. இந்தக் கூட்டத்தில் எனக்கென்று இருக்கிற ஒரே ஆள். நாளைக்குப் பேரனை என்ன சொல்லிக் கூப்பிடுவாள் அவள், ஊரில் போய் அப்பாவிடம் என்ன பெயர் என்று சொல்வாள். நாலு பேர் போகட்டும், பிறகு மந்தாரை உள்ளே கூப்பிட்டு நார் நாராகக் கிழிக்கலாம். ஆனால் காதில் சொல்லிவிட்டால் சொன்னதுதானே. சொல்லிவிடலாமா. அம்மா என்னைப் பார்த்துத் தலையைச் சரி செய்துகொள் என்று சாடை காட்டுகிறாள்.

பாட்டு நின்றதே தெரியவில்லை. தொட்டிலுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி, முதலில் துணி சுற்றிய அம்மிக் குழவியை மேலும் கீழுமாகக் கை மாற்றினார்கள், பிறகு என் பிள்ளையை. கோவிந்தனை வாங்கிக்கொள்ளுங்கள், கோபாலனை வாங்கிக்கொள்ளுங்கள் என்று இவள் கொடுக்க அவள் வாங்க, தொட்டிலின் கீழே ஒரு முறை, மேலே ஒரு முறை. அவன் கண்ணைத் திறந்து திறந்து பார்க்கிறான், ஒவ்வொரு கையிலும் ஒரு வாசனை, என் வாசனை எங்கே என்று தேடுகிறான், எனக்குத் தெரியும். தொட்டிலில் படுக்க வைத்தார்கள். வைஜயந்தி குனிந்தாள். இப்போது சொல், இப்போது, "அக்கா, ஒரு நிமிஷம்" என்று சொன்னால்கூடப் போதும். அவள் அவன் காதில் 'குர்ர்' என்று ஊதிவிட்டுச் சொல்கிறாள், உதடு அசைகிறது. அத்தை பெயர் சொல்லும்போது சுற்றி நிற்கிற பெண்கள் அவள் முதுகில் விளையாட்டாக மொத்த வேண்டும், அதுவும் வழக்கம்தான், ஆளுக்கு ஆள் மொத்துகிறார்கள், சிரிப்பு. என் கையும் போயிற்று. விளையாட்டாக இல்லை. தோள்பட்டையிலிருந்து இறங்கிய அடி, பட்டு ரவிக்கையில் பட்டென்று விழுந்தது, வைஜயந்தி இருமி முன்னால் தடுமாறித் தொட்டில் கயிற்றைப் பிடித்தாள். ஒரு கணம் எனக்கே திக்கென்றது. அப்புறம் அத்தனை பேரும் கொல்லென்று சிரித்தார்கள். "அடேயப்பா, பூஜாவுக்குப் பிள்ளை பெற்ற பிறகும் என்ன தெம்பு பார்" என்றாள் ஒருத்தி. "எல்லாம் என் லட்டு" என்றார் ஆயி. வைஜயந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கன்னத்தைக் கிள்ளினாள். வாழ்க்கையில் ஒருத்தியை நான் கோபத்தில் அடித்தது அந்த ஒரு தடவைதான், அதையும் சீர் மாதிரி வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

பிறகு வைஜயந்தி பெயரை எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள். கைதட்டல். மந்தார் செல்போனை இறக்கவில்லை, ஆனால் என்னைப் பார்க்கவும் இல்லை, அப்போதுதான் அவனுக்கும் பயம் உண்டு என்று தெரிந்தது. வந்தவர்கள் ஒவ்வொருத்தியாகத் தொட்டிலை ஆட்டிப் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஆயி கூப்பிட்டார். அப்புறம், "சம்பந்தியம்மா வாருங்கள், பாட்டியும் கூப்பிட வேண்டாமா" என்று அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார்கள். ஐயோ, அவளை விடுங்கள், அவளுக்கு வராது, சிரிப்பார்கள் என்று நான் பாதி எழுந்தேன். அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள், தொட்டிலைத் தொட்டாள், "க்ஷிதிஜ்" என்றாள். ஒரு எழுத்து பிசகவில்லை. மந்தாரம் என்கிற வாய், முதல் தடவை கேட்ட பெயரை, வைஜயந்தியைவிடச் சுத்தமாகச் சொல்லிற்று. கூட்டம் ஆஹா என்றது. முதல் தடவை இல்லை. முதல் தடவையாக இருக்கவே முடியாது. அம்மா என் முகத்தைப் பார்த்தாள், பார்த்ததும் அவள் கை தொட்டிலிலிருந்து நழுவியது. பிள்ளை அழ ஆரம்பித்தான். அவனைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்கு வந்தேன், அம்மா பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினாள்.

"ஒனக்கு எப்பம்மா தெரியும்?"

"ஏட்டி, மெதுவா பேசு, வெளிய ஆளிருக்கு."

"எப்பன்னு கேட்டேன்."

"போன வாரமே மாப்ள சொல்லிட்டாவ. அந்தம்மா பயந்து சோறு திங்காம கெடந்தாவளாம், வயசான மனுசி. நான்தான் ஒங்கிட்ட சொல்லாண்டாம்னேன். பச்ச ஒடம்பு, மனசு நொந்தா பாலு வத்திரும்லா. பெறவு பிள்ளைக்கு எங்க போவ?"

"பேரை எங்க படிச்ச?"

அம்மா தரையைப் பார்த்தாள். "மாப்ளதான் சொல்லித் தந்தாவ. குளிக்கப் போறப்பல்லாம் சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டேன். இம்புட்டுப் பேருக்கு முன்னால நான் தப்பா சொல்லி ஒன்ன தலகுனிய வச்சிரக் கூடாதுல்லா, கோத. நீ வீட்டுக்குள்ள மயூரான்னு கூப்புட்டுக்கோ, யாரு வேண்டாங்கா?"

சொல்லித் தந்தானாம். எந்த மொழியில் சொல்லித் தந்தான்? அம்மாவுக்கு ஹோ தவிர மராத்தி கிடையாது, இந்தி கிடையாது. சென்னையில் வேலை பார்த்த காலத்தில் பீச் மணலில் உட்கார்ந்து நான் அவனுக்கு ஒவ்வொரு சொல்லாகத் தமிழ் சொல்லிக் கொடுத்தேன், எங்கம்மாவிடம் நாலு வார்த்தை பேச வேண்டாமா என்று நச்சரித்துச் சொல்லிக் கொடுத்தேன். அந்தத் தமிழில்தான் பேசியிருக்கிறான். நான் தலை துவட்டிக்கொண்டிருந்தபோது அடுக்களையில் மருமகனும் மாமியாரும் குசுகுசு என்று பேசிச் சிரித்த சத்தம் கேட்டு, என் அதிர்ஷ்டம் யாருக்குக் கிடைக்கும் என்று நினைத்தேனே. அம்மா என் தோளைத் தொட வந்தாள், நான் விலகிக்கொண்டேன், அவள் வெளியே போனாள். வத்திப் போயிருக்க வேண்டும், இந்த நிமிஷமே, ஒரு சொட்டு இல்லாமல். அத்தனை பேரும் வந்து பார்த்திருக்க வேண்டும், பாருங்கள், நீங்கள் செய்த காரியம் என்று காட்டியிருப்பேன். பிள்ளை வீறிட்டான். கதவுக்கு வெளியே வைஜயந்தி, "க்ஷிதிஜ், ஏ க்ஷிதிஜ், அழாதே ராஜா" என்று கொஞ்சினாள், நான் ரவிக்கைக் கொக்கியைக் கழற்றுவதற்குள் பால் இரண்டு பக்கமும் பெருகித் துணியை நனைத்து வயிற்றில் ஓடியது. அந்தப் பெயரைக் கேட்டே ஓடியது. என் உடம்புமா. யாரை நம்ப நான். அழுகையில் அவனுக்கு வாய் பிடிக்கவில்லை, முகத்தை இங்கும் அங்கும் திருப்புகிறான், கூப்பிட்டால் திரும்புவான், காலையில்கூடத் திரும்பினான். மயூ என்று கூப்பிட வாயெடுத்தேன். காலையில் மந்தார் சொன்ன மயூதான் தொண்டையில் வந்து நின்றது, குர்தாப் பொத்தானோடு, சிரிப்போடு. அதை என் பிள்ளை மேல் எப்படிப் போடுவது. மற்ற பெயரை நான் சொல்ல மாட்டேன். பசியில் அவன் தொண்டை கட்டிக்கொண்டு வருகிறது, அந்தக் குட்டி முஷ்டி என் மார்பில் இடிக்கிறது, ஏதாவது சொல்லித்தான் ஆக வேண்டும். "டேய்" என்றேன். அவன் வாயை மூடிக்கொண்டு திரும்பினான். "டேய், இங்கதான்டா இருக்கேன்." பெயர் சூட்டிய அன்று பெற்றவளிடம் அதுதான் மிச்சம் இருந்தது, அதற்கு அவன் வந்தான்.